அங்கோரா ஆடு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

ரெண்டு மாசமா ஒரே வீடியோவை ஏழெட்டு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. சுருள் சுருளாக வெள்ளை முடி தரையைத் தொடுகிற மாதிரி தொங்கும் ஒரு ஆடு. பின்னணியில் ஒரு குரல்: "ஆட்டை விற்கவே வேண்டாம், வருஷத்துக்கு ரெண்டு தடவை முடியை மட்டும் வெட்டி விற்றால் போதும்." கீழே ஒரு போன் நம்பர். கூடவே எனக்கு ஒரு கேள்வி: "டாக்டர், இது நம்ம ஊருக்கு செட் ஆகுமா?"

நான் கால்நடை மருத்துவர் இல்லைங்க. எம்.பி.பி.எஸ். முடித்து அரசு மருத்துவமனையில் மனுஷங்களைப் பார்க்கிறவன். ஆனாலும் இந்த ஆட்டைப் பற்றிப் படிக்கப் படிக்க, எங்களுடைய ஃபிசியாலஜி புத்தகத்தையே திரும்பப் படிப்பது போல இருந்தது. அதனால்தான் இந்த நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதலில் பெயர்க் குழப்பம். துருக்கியின் தலைநகர் அங்காராவுக்குப் பழைய பெயர் அங்கோரா. அங்கோரா பூனை, அங்கோரா முயல், அங்கோரா ஆடு மூன்றுமே அந்த ஊர்ப் பெயரைச் சுமக்கின்றன. கடையில் "அங்கோரா நூல்" என்று எழுதியிருந்தால் அது முயல் முடி. அங்கோரா ஆட்டின் முடிக்குப் பெயர் மோஹேர். தேர்ந்தெடுத்தது, உயர்ந்தது என்று பொருள் தரும் ஓர் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். லடாக்கின் பஷ்மினா இது இரண்டுமே இல்லை. அது வேறு ஆடு, குளிருக்காக உள்ளே வளரும் மெல்லிய பூமுடி. அந்த வீடியோவில் மூன்றையும் ஒன்றாகக் கலந்து அடித்திருந்தார்கள்.

மோஹேர் அருமையான இழை. அதில் சந்தேகமே இல்லை. பட்டு மாதிரி மினுக்கும், சாயம் நன்றாகப் பிடிக்கும், கசக்கினால் திரும்ப எழுந்து நிற்கும். கோட் சூட் துணி, சோபா உறை, பழைய டெடி பொம்மைகளின் ரோமம் எல்லாம் இதுதான். நம் தலைமுடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிய விஷயம். இந்த ஆட்டுக்கு மாசம் ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர். ஆறு மாசத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிட்ட வந்துவிடும். அதனால்தான் வருஷத்துக்கு ரெண்டு வெட்டு.

குட்டியாக இருக்கும்போது முடி ரொம்ப மெல்லிசு. அதுக்குத்தான் நல்ல விலை. வயசாக ஆக முடி தடித்துக்கொண்டே போகும், விலை இறங்கிக்கொண்டே வரும். ஆக, வீடியோவில் காட்டுகிற விலை முதல் ரெண்டு மூணு வெட்டுக்கு. ஆடு அதற்கப்புறமும் பல வருஷம் தீனி தின்னும். இந்த ஒரு வரியை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

துருக்கியர்கள் இந்த ஆட்டை வெளியே விடாமல் நெடுங்காலம் பொத்திப் பாதுகாத்தார்கள். 1838-ல் கர்னல் ஹென்டர்சன் என்பவர் 12 கிடாவும் ஒரு பெட்டையும் வாங்கித் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார். கிடாக்கள் பன்னிரண்டுக்கும் ஏற்கெனவே "குடும்பக் கட்டுப்பாடு" செய்துதான் அனுப்பியிருந்தார்களாம்! ஆனால் பெட்டை சினையாக இருந்திருக்கிறது. வழியிலேயே ஒரு கிடாக்குட்டி போட்டது. அங்கிருந்துதான் தென்னாப்பிரிக்காவின் மோஹேர் தொழில் ஆரம்பித்தது என்று சொல்கிறார்கள். இன்றைக்கு உலக மோஹேரில் ஏறக்குறைய பாதி அந்த நாட்டிலிருந்து வருகிறது, பெரும்பாலும் காரூ என்ற வறண்ட புதர்க்காட்டு மேய்ச்சல் நிலத்திலிருந்து. அமெரிக்காவுக்கு 1849-ல் போனது ஒன்பதே ஆடு. கொண்டுபோனவர் டேவிஸ் என்ற டாக்டர். (எங்க ஆளுங்க எல்லா இடத்திலும் இருப்பாங்க.)

சரி, விஷயத்துக்கு வருவோம். முடி எதனால் ஆனது? கெரட்டின். அதாவது புரதம். ஒரு பெட்டை அங்கோரா ஆடு சுமார் 40 கிலோ இருக்கும். அது வருஷத்துக்கு நாலு கிலோ முடி கொடுக்கிறது என்று வையுங்கள். 60 கிலோ எடையுள்ள ஒரு அம்மா வருஷத்துக்கு ஆறு கிலோ முடி வளர்த்தால் எப்படி இருக்கும்? அந்தக் கணக்கு.

நமக்கு உடம்பு சரியில்லை என்றால், சாப்பாடு போதவில்லை என்றால், உடம்பு முதலில் கை வைப்பது முடியில்தான். டைபாய்டு வந்து ரெண்டு மூணு மாசம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறதே, அது அதுதான். உயிர் முக்கியம், முடி அப்புறம் என்று உடம்பு முடிவெடுக்கிறது. அங்கோரா ஆட்டின் உடம்பில் இந்த வரிசையே மாறிப்போயிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதிக முடி உள்ளதையே தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததால், தீனி குறைந்தாலும் முடி தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறது. மிச்சம்தான் சதைக்கு, கொழுப்புக்கு, வயிற்றில் இருக்கிற குட்டிக்கு.

ஆடு தின்கிற தழை அப்படியே குளுக்கோஸாக ரத்தத்தில் சேராது. முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலமாக்கும், கல்லீரல் அதிலிருந்து குளுக்கோஸ் தயாரிக்க வேண்டும். அதனால் ஆட்டுக்கு ரத்தச் சர்க்கரை 60 இருந்தாலே நார்மல். மனுஷனுக்கு 60 என்றால் நாங்கள் டெக்ஸ்ட்ரோஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இவ்வளவு குறைந்த இருப்பில் ஓடுகிற வண்டி, மழையில் ஒருநாள் மேயப் போகாமல் நின்றாலே ரிசர்வுக்கு வந்துவிடும்.

இப்போது சினை ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மனுஷங்களுக்குக் கரு தங்கிய முதல் எட்டு பத்து வாரம்தான் சினைப்பையில் இருக்கும் கார்பஸ் லூட்டியம் புரொஜெஸ்டிரான் கொடுத்துக் கர்ப்பத்தைத் தாங்கும். அப்புறம் நஞ்சுக்கொடி அந்த வேலையை வாங்கிக்கொள்ளும். ஆட்டுக்கு அப்படிக் கிடையாது. 150 நாளும் அந்தக் கார்பஸ் லூட்டியம்தான். அது சுருங்கினால் கதை முடிந்தது. மூணு மாசம் தாண்டி நாலாவது மாசத்தில் குட்டி வேகமாக வளரும் நேரம். அப்போது தாய்க்குச் சர்க்கரை இறங்கினால் உள்ளே இருக்கிற குட்டிக்கும் இறங்கும். குட்டியின் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெஸ் ஹார்மோனைச் சுரக்கும், கடைசியில் கார்பஸ் லூட்டியம் சுருங்கும். நேற்றுவரை நன்றாக இருந்த ஆடு இன்றைக்கு குட்டி வீசிவிடும். கிருமி இல்லை, காயம் இல்லை. சாப்பாட்டுக் கணக்கு இடித்தது, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் அங்கோரா மந்தைகளில் இது ஒரு பழைய, பெரிய தலைவலி.

இதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது, எனக்குப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் காஷுவாலிட்டிக்கு அடிக்கடி ஒரு மாதிரி பேஷன்ட் வருவார். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் யாரோ கொடுத்த மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டிருப்பார். அது ஸ்டீராய்டு. திடீரென்று நிறுத்தியிருப்பார். சின்ன காய்ச்சல், ரெண்டு தடவை பேதி, அவ்வளவுதான். பிபி இல்லை, சுகர் இல்லை, ஆள் சரிந்து கிடப்பார். காரணம், ஆபத்துக்குச் சுரக்க வேண்டிய கார்டிசால் சுரக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அங்கோரா ஆட்டில் கிட்டத்தட்ட இதையே பார்த்திருக்கிறார்கள். சர்க்கரையைச் செயற்கையாக இறக்கிப் பார்த்தால், இறைச்சிக்காக வளர்க்கும் போயர் ஆட்டுக்கு கார்டிசால் ஏறுகிற அளவு இதற்கு ஏறவில்லை. அட்ரினல் சுரப்பியில் சி.ஒய்.பி. 17 என்று ஒரு என்சைம். கச்சாப் பொருளை கார்டிசால் பக்கம் அனுப்புவதா, ஆண்ட்ரோஜன் பக்கம் அனுப்புவதா என்று பார்க்கும் முச்சந்தி போலீஸ்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கோராவில் இருக்கிற ஒரு வகை மரபணுவில் அந்தப் போலீஸ்காரர் அளவுக்கு மீறி ஆண்ட்ரோஜன் பக்கம் கை காட்டுகிறார்.

இந்த உடம்பில் இருந்துதான் நாம் வருஷத்துக்கு ரெண்டு தடவை சட்டையைக் கழற்றுகிறோம்.

முடி வெட்டின அடுத்த சில வாரம்தான் இந்த ஆட்டுக்கு உண்மையான கண்டம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும், நம்பி வெட்டுவார்கள். ரெண்டு நாள் கழித்து மழையும் காற்றும் சேர்ந்து வந்தால், ஒரே ராத்திரியில் மந்தையில் பாதி செத்துக் கிடக்கும். பனி விழ வேண்டும் என்றுகூட இல்லை. ஈரம், காற்று, காலி வயிறு மூன்றும் சேர்ந்தால் போதும். டெக்சாஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதை அனுபவித்துப் படித்தவர்கள் முதுகுத்தண்டு நெடுக ஒரு பட்டை முடியை விட்டுவிட்டு வெட்டுகிறார்கள், அல்லது அரை அங்குலம் முடி மிச்சம் வைக்கிற மாதிரி உயரமான சீப்பு போட்டு வெட்டுகிறார்கள். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அடர்தீவனம் கூட்டுகிறார்கள். கூரைக் கொட்டகை பக்கத்திலேயே இருக்கும். நல்ல பண்ணையாளர் என்பவர் இங்கே பாதி ஐ.சி.யூ. நர்ஸ்.

எல்லாரும் நல்ல பண்ணையாளர் இல்லை. 2018-ல் தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் எடுத்த வீடியோ ஒன்று வெளியானது. அவசர அவசரமாக வெட்டியதில் தோல் கிழிந்த ஆடுகள், இழுத்து வீசப்பட்ட குட்டிகள். எச் அண்டு எம், ஸாரா போன்ற பெரிய பிராண்டுகள் மோஹேரே வேண்டாம் என்று அறிவித்துவிட்டன. அதற்கப்புறம் 2020-ல் பொறுப்பான மோஹேருக்கென்று ஒரு தரச் சான்றிதழ் முறை வந்தது. முறை வந்தது நல்லது. ஆனால் ஒரு வீடியோ வந்த சில வாரத்தில் வாங்குகிறவர் கடையைச் சாத்த முடிகிற தொழில் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்கே என் வீட்டுக் கதை கொஞ்சம். வீடியோ அனுப்பியவர்களில் ஒருவன் என் சித்தப்பா பையன். "அண்ணா, பத்து ஆடு போதும்ணா. தோட்டத்துப் பத்திரம் வெச்சா லோன் கிடைக்கும்" என்றான். அவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "சித்தப்பாகிட்ட சொல்லிட்டியாடா?" போனில் சத்தமே இல்லை.

ஈரோடு பக்கத்து ஆட்களுக்கு ஏன் என்று புரிந்திருக்கும். 2012. ஈமு கோழி. லட்சக்கணக்கில் கட்டு, குஞ்சு தருகிறோம், தீனி தருகிறோம், மாசாமாசம் பணம் தருகிறோம் என்றார்கள். நான் அப்போது காலேஜில் இருந்தேன். சித்தப்பா அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கட்டினார். கொஞ்ச மாசம் பணம் வந்தது, அப்புறம் ஆபீஸ் பூட்டிவிட்டது. கம்பி வேலிக்குள் ஆள் உயரத்துக்குப் பறவைகள் பசியோடு நின்றன. விற்க சந்தை இல்லை, வாங்க ஆள் இல்லை, அடித்துச் சாப்பிட ஊருக்கு மனசும் வரவில்லை. ரேஷன் அரிசியை வேக வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பறவைகளை விட, தினமும் காலையில் சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வேலிக்குப் போகிற சித்தப்பாதான் கண்ணில் நிற்கிறார்.

தம்பியிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அங்கோரா ஆடு மோசடி இல்லை. உண்மையான ஆடு, உண்மையான இழை, உலகத்தில் உண்மையாகவே அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காசு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

டெக்சாஸ் ஒரு காலத்தில் மோஹேரில் கொடிகட்டிப் பறந்தது. அதன் பின்னால் 1954-ல் வந்த ஒரு சட்டம் இருந்தது. ராணுவ உடுப்புக்குக் கம்பளி வேண்டும் என்று செம்மறி ஆட்டுக்காரர்களுக்கு மானியம் கொடுத்தார்கள், மோஹேரும் அதில் ஒட்டிக்கொண்டது. 1993-ல் மானியத்தை நிறுத்த முடிவெடுத்தார்கள், 1995-ஓடு முடிந்தது. அங்கோரா எண்ணிக்கை சரசரவென்று சரிந்தது. அதே காலத்தில் இறைச்சிக்கான போயர் ஆடு அமெரிக்காவில் வந்து இறங்கியது. நிறையப் பேர் பட்டியை அப்படியே அதற்கு மாற்றிக்கொண்டார்கள்.

சின்ன விவசாயிக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் லெசோத்தோ. நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலை நாடு. மோஹேரில் உலகத்தில் முன்னணி வரிசையில் இருக்கிறது, அதுவும் பெரிய பண்ணைகளால் இல்லை. கம்பளி போர்த்திக்கொண்டு மலையில் மேய்க்கும் சிறு குடும்பங்களால். அவர்கள் எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்க ஏலத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2018-ல் அரசு ஒரு விதிமுறை கொண்டுவந்தது: இனி உள்நாட்டிலேயே, உரிமம் பெற்ற தரகர் வழியாகத்தான் விற்க வேண்டும். முடியைக் கொடுத்தவர்களுக்குப் பணம் மாசக்கணக்கில் வரவில்லை. பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றார்கள். 2019-ல் ஆயிரக்கணக்கான விவசாயிகள் தலைநகர் மசேருவில் ஊர்வலம் போனார்கள். ஆட்டில் எந்தக் குறையும் இல்லை, முடியிலும் குறை இல்லை.

இப்போது நம்ம ஊர் வெள்ளாட்டைப் பாருங்கள். என் ஓ.பி.யில் வாரத்துக்கு ரெண்டு பேராவது சொல்வார்கள், "ஆட்ட வித்துட்டு வர்றேன் சார், ஸ்கேன் எழுதுங்க." ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ கேஸை மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், விடிவதற்குள் ஒரு கிடா கைமாறி, ஆம்புலன்ஸ் பின்னாலேயே பணம் வந்துவிடும். எந்த வெள்ளிக்கிழமையும் சந்தை உண்டு, எந்த ஊரிலும் கறிக்கடை உண்டு. மருத்துவக் காப்பீடு வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே நம் ஜனத்துக்குக் காப்பீடு அதுதான். கொடி ஆடு, கன்னி ஆடு, சேலம் கருப்பு எல்லாம் இந்த வெயிலிலும் வேலிக்கருவையிலும் பிழைத்து ரெட்டைக் குட்டி போடப் பழகின உடம்பு. அங்கோராவின் காசோ வருஷத்துக்கு ரெண்டு தடவை, அதுவும் எங்கோ இருக்கிற ஒரு நெசவாலை ஆர்டர் கொடுத்தால். உள்ளூர்ச் சந்தையில் அந்த முடியைக் கொண்டுபோய் வைத்தால் யார் கேட்பார்கள்?

இந்தியாவில் யாரும் முயற்சி செய்யவில்லை என்று இல்லை. மகாராஷ்டிராவில் வேளாண் பல்கலைக்கழக அளவில் சங்கம்நேரி ஆட்டோடு அங்கோராவைச் சேர்த்துக் கலப்பினம் உருவாக்கி ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வறண்ட தக்காணப் பகுதி அது. கொங்கு நாட்டு ஐப்பசி மழையில், குடற்புழு, பேன், நனைந்த முடி எல்லாவற்றையும் சமாளிப்பது வேறு கதை. வெளிநாட்டு ஆட்டை நினைத்தபடி இறக்கவும் முடியாது. மத்திய அரசு அனுமதி, குவாரண்டைன் எல்லாம் உண்டு. போன் நம்பர் போட்டு "அங்கோரா குட்டி ஸ்டாக் உள்ளது" என்று ஒருவர் சொன்னால், முதலில் அந்தப் பேப்பரைக் கேளுங்கள்.

யாருக்கு இது சரிப்படும்? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பத்துப் பதினைந்து ஆடு வைத்துக்கொண்டு, முடியைத் தாங்களே அலசிச் சாயம் போட்டு, கையால் நூல் நூற்பவர்களுக்கும் பொம்மை செய்பவர்களுக்கும் நேரடியாக விற்கும் சின்னப் பண்ணைகள் இருக்கின்றன. அதில் பலர் காயடித்த கிடாக்களை மட்டுமே வைத்திருக்கிறார்கள். சினையும் இல்லை, குட்டி வீசும் பயமும் இல்லை, முடி மட்டும். பெரும்பாலும் வேறு சம்பளம் வருகிற வீடுகள் அவை. பத்திரத்தை அடகு வைத்து ஆரம்பித்தவர்கள் இல்லை.

கடைசியாக என் துறை. ஆட்டு முடிக்கும் டாக்டர்களுக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மோஹேரும் அல்பாக்காவும் தரம் பிரிக்கிற தொழிலாளர்கள் திடீர் திடீரென்று செத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் லேசான இருமல், மறுநாள் பிணம். துருக்கியின் வான் ஏரிப் பக்கத்திலிருந்து வருகிற மோஹேர் மூட்டையைப் பிரிக்கவே பயந்தார்கள். 1880 வாக்கில் ஜான் ஹென்றி பெல் என்ற உள்ளூர் டாக்டர் அது ஆந்த்ராக்ஸ், நம் ஊரில் சொல்கிற அடைப்பான், என்று காட்டினார். செத்த ஆட்டின் முடியில் ஒட்டியிருந்த கிருமி விதைகள் தூசியோடு நுரையீரலுக்குள் போயிருக்கின்றன. முடியை ஃபார்மலின் போட்டுச் சுத்தம் செய்யும் நிலையம் லிவர்பூலில் வந்தது 1921-ல்தான். இடையில் போனது 40 வருஷம்.

நீங்கள் அங்கோரா வாங்கப் போவதில்லை என்றாலும், வீட்டில் நாலு வெள்ளாடு இருந்தால் இதைப் படியுங்கள். ஆடு குட்டி வீசினால் எல்லா நேரமும் அது சர்க்கரைக் கணக்கு இல்லை. புரூசெல்லா என்ற கிருமியாகவும் இருக்கலாம். அது மனுஷனுக்கும் வரும். வீசின குட்டியை, நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். நாய்க்குப் போடாமல் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கர்ப்பிணிகள் பட்டியில் பிரசவம் பார்க்க வேண்டாம். ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், குழந்தைக்கு நல்லது என்று யார் சொன்னாலும். கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி என்று வாரக்கணக்கில் இழுத்தால் எங்களிடம் வாருங்கள். டைபாய்டுக்கும் டி.பி.க்கும் டெஸ்ட் எழுதுவோம். "வீட்ல ஆடு இருக்கு சார், போன மாசம் ஒன்னு குட்டி வீசிடுச்சு" என்று நீங்களாகவே சொல்லுங்கள். நூறு பேர் வரிசையில் நிற்கிற ஓ.பி.யில் அதை நாங்கள் கேட்க மறந்திருக்கலாம்.